காமிரா காட்டிய நேரம்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் கன்னட நாட்டை ஒட்டி அமைந்த நகரம் ஓசூர். கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த இந்நகரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கக் கேட்கலாம். மோட்டார் வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் செய்யும் தொழிற்சாலைகள் பல இங்கு உள்ளன. ஆலைகள் இரவிலும் ஓய்வதில்லை. ‘ஷிப்டு’ என்று மக்கள் வழங்கும் முறைப்படி, காலையில் ஒரு கூட்டமும் பிற்பகலில் ஒரு கூட்டமும் இரவு பத்து மணிக்கு மற்றொரு கூட்டமும் வேலைக்குச் செல்லும். ஆதலால் நள்ளிரவில் ஒருவன் தெருவில் நடந்து செல்வது இவ்வூரில் வியப்பன்று. ஆயினும், ஒரு வீட்டில் களவு போயிற்று என்றால், அந்நேரத்தில் நடந்து சென்றவன் எவன் என்னும் வினா உடனே எழுந்துவிடுகிறது.

முற்காலத்தில் இவ்வினாவிற்கு ஊர்க்காவலனும் அண்டை வீட்டாரும் விடை கூறினர். இக்காலத்தில் சுவரில் பொருத்தப்பெற்ற கண்காணிப்புக் காமிரா விடை கூறுகிறது. கூலிக்கு உழைப்போர் வாழும் சிறு வீடுகளின் வாயிலிலும் இன்று அக்கருவியைக் காண்கிறோம். அது கண்டதைக் கண்டவாறே காட்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்று அதற்கு இல்லை. ஆனால், படத்தின் மூலையில் அது பொறித்து வைக்கும் நாளும் மணியும் அது கண்ணாற் கண்டவை அல்ல. அவை அக்கருவியினுள் இருக்கும் ஒரு சிறு கடிகாரம் சொல்லியவை. படம் மெய்யாக இருப்பினும் அக்கடிகாரம் பொய்யாக இருத்தல் கூடும். இவ்வேறுபாட்டை உணராதார் பலர்.

இத்தகைய தெரு ஒன்றில் நிகழத்தக்க நிகழ்ச்சி ஒன்றை எண்ணிப் பார்ப்போம்.

ஒரு வீட்டு வாயிலில் நிறுத்தியிருந்த இருசக்கர வண்டி ஓர் இரவில் களவு போயிற்று. நள்ளிரவு கடந்து பத்து நிமிடம் அளவில் நாய் குரைத்ததையும், தாம் விழித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததையும் வீட்டுக்காரர் நினைவில் வைத்திருந்தார். பொழுது விடிந்ததும் காமிராவின் பதிவைத் திருப்பிப் பார்த்தார். 12 மணி 10 நிமிடம் என்று காட்டிய இடத்தில், அடுத்த தெருவில் குடியிருக்கும் இளைஞன் ஒருவன் தோளில் பையுடன் தனியே நடந்து செல்வது தெரிந்தது. வேறு எவரும் இல்லை. அவ்வளவுதான், அக்கம் பக்கத்தார் கூடிவிட்டனர். இரவு வேலை முடித்துக் களைப்புடன் வீடு திரும்பிய இளைஞனை வழியிலேயே நிறுத்தினர்.

“ஐயா, நான் அவ்வழியே சென்றது உண்மை. ஆனால், ஒன்பதே முக்கால் மணிக்கு முன்பே சென்றேன். பத்து மணி ஷிப்டுக்கு 9 மணி 52 நிமிடத்திற்கு ஆலை வாயிலில் என் அட்டை பதிவாகியிருக்கிறது” என்றான் அவன்.

“தம்பி, நீ சொல்வதை நம்புவதா? காமிரா சொல்வதை நம்புவதா? அதற்கு உன்மேல் என்ன பகை?” என்றார் வீட்டுக்காரர்.

கூட்டத்தில் சிலர் காவல் நிலையத்திற்குப் புறப்படவும் ஆயத்தமாயினர். ஒருமுறை திருடன் என்று பெயர் எடுத்துவிட்டால், ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் ஒருவனுக்கு மறுநாள் ஆலை வாயில் திறக்குமா என்பது ஐயம். அந்நேரத்தில், பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் மகள் அப்படத்தை மீண்டும் ஒருமுறை உற்று நோக்கினாள்.

“அப்பா, இந்தப் படத்தில் மூலையில் இருக்கும் பெட்டிக்கடை திறந்திருக்கிறது, பாருங்கள். பத்து மணிக்கே அந்தத் தாத்தா கடையை அடைத்துவிடுவாரே! நள்ளிரவில் விளக்கு எப்படி எரியும்?” என்று கேட்டாள்.

வீட்டுக்காரர் திகைத்தார். காமிரா அப்பொழுது என்ன மணி காட்டுகிறது என்று பார்த்தனர். அது 10 மணி 45 நிமிடம் காட்டியது. கைப்பேசியிலோ 8 மணி 15 நிமிடம். ஆகவே, காமிரா இரண்டரை மணி நேரம் முந்தி ஓடியது. 12 மணி 10 நிமிடத்தில் இரண்டரை மணியைக் கழித்தால் இரவு 9 மணி 40 நிமிடம் ஆகிறது. இளைஞன் கூறியதும் அதுவே. பின்னர், நாய் குரைத்த நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டி, 2 மணி 40 நிமிடம் என்று காட்டிய இடத்தைத் தேடினர். அறிமுகமில்லாத இருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்வது அங்கே தெளிவாகப் பதிந்திருந்தது. காமிரா கள்வனையும் கண்டிருந்தது. பார்த்தவர்தாம் பிழையான இடத்தில் பார்த்தனர்.

அந்த இரண்டரை மணி எங்கிருந்து வந்தது? கிரீன்விச் நேரத்திற்கு இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியது. சீன நாட்டு நேரம் எட்டு மணி முந்தியது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இரண்டரை மணி. இக்கருவிகளில் பல சீன நாட்டில் செய்யப்படுபவை. செய்த இடத்திலேயே அந்நாட்டு நேர மண்டலத்தை அமைத்து அனுப்பிவிடுகின்றனர். பொருத்த வந்த தொழிலாளி படம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பான். நேர மண்டலத்தைப் பார்க்க மறந்துவிடுவான். இங்கே கடிகாரத்தின் மேல் குற்றம் இல்லை. தான் இருக்கும் ஊர் எது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே. சில கருவிகள் கிரீன்விச் நேரத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. அவற்றில் நம் காலை ஆறு மணி, நள்ளிரவு பன்னிரண்டரை என்று காட்டும்.

மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது நேரம் பிழைபடுதல் மற்றொரு வகை. படங்களைச் சேர்த்து வைக்கும் பதிவுப் பெட்டியினுள் பொத்தான் வடிவில் ஒரு சிறு பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோது உள்ளிருக்கும் கடிகாரத்தை ஓடச் செய்வது அதன் பணி. சில ஆண்டுகளில் அதன் ஆற்றல் தீர்ந்துவிடும். அதன்பின் மின்சாரம் ஒரு முறை நின்றாலும் கருவி தன் நினைவை இழந்து, 1970 அல்லது 2000ஆம் ஆண்டின் சனவரி முதல் நாளுக்குப் போய்விடும். 1970 என்பது கணிப்பொறிகள் பல தம் நாட்கணக்கைத் தொடங்கும் ஆண்டு. நேற்று வந்த விருந்தினர், தாம் பிறப்பதற்கு முன்பே வந்து சென்றதாகப் பதிவில் காண்பது நகைப்பிற்கு இடமாகலாம். வழக்கு ஒன்று எழும்போது அந்நகைப்பு இராது. இன்னும் சில நாடுகளில் வேனிற்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பர். இந்தியாவிலும் இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை அவ்வாறு வைத்திருந்தனர். இன்று நமக்கு அவ்வழக்கம் இல்லை. கருவியில் அவ்வமைப்பு திறந்திருந்தால் திடீரென்று ஒரு மணி மாறிவிடும். நாளையும் மாதத்தையும் மாற்றிப் படிப்பதால் நேரும் குழப்பமும் உண்டு. 05-06 என்பது மே ஆறாம் நாளா, சூன் ஐந்தாம் நாளா என்பது அமைப்பைப் பொறுத்தது.

இவை யாவும் அமைப்பில் நேரும் பிழைகள். கடிகாரத்தின் இயல்பிலேயே உள்ள பிழை வேறு. அதனை அறிய, ஓசூருக்கே உரிய ஒரு தொழிலை நோக்குதல் தகும். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனமும் கூடி 1984ஆம் ஆண்டு தொடங்கிய டைட்டன் நிறுவனம், தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை இந்நகரில்தான் நிறுவியது. இங்கு உருவான குவார்ட்ஸ் கடிகாரங்கள் நாடெங்கும் சென்றன. குவார்ட்ஸ் என்பது ஒருவகைப் படிகக்கல். அதனை இசைக்கவை போல் இரு கிளையாக நுண்ணிதின் அறுத்து மின்சாரம் செலுத்தினால், அது நொடிக்கு 32,768 முறை அதிரும். அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே சென்றால் ஒன்று எஞ்சும். அவ்வொன்றே கடிகாரத்தின் ஒரு நொடி. கைக்கடிகாரத்தில் உள்ள இப்படிகமே பெரும்பாலும் பதிவுப் பெட்டியின் கடிகாரத்திலும் உள்ளது.

அவ்வாறாயின், கைக்கடிகாரம் நன்கு ஓட, பெட்டியின் கடிகாரம் ஏன் பிசகுகிறது? இப்படிகம் ஏறத்தாழ 25 பாகை வெப்பத்தில் சரியாக அதிருமாறு செய்யப்படுகிறது. வெப்பம் அதனினும் மிகுந்தாலும் குறைந்தாலும் அதன் அதிர்வு மெலியும். கையில் கட்டிய கடிகாரத்திற்கு உடலின் வெப்பம் ஒரே சீராகக் கிடைக்கிறது. பரணிலும் வெயில் காயும் சுவரிலும் கிடக்கும் பெட்டிக்கு அப்பேறு இல்லை. பத்து இலட்சத்திற்கு இருபது பங்கு என்னும் அளவில் பிசகினும், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் நொடி மாறும். ஓர் ஆண்டில் பத்து நிமிடத்திற்கு மேல் ஆகிவிடும். பத்து நிமிடம் சிறிது என்று எண்ணற்க. மேலே கூறிய இளைஞன் ஆலை வாயிலை அடைய எடுத்துக்கொண்ட நேரமே பன்னிரண்டு நிமிடந்தான்.

காலத்தை அளக்கும் கருவி பிழைபடுதலும் அதனைக் காத்து நிற்க ஆள் வைத்தலும் தமிழர்க்குப் புதியன அல்ல. அரசனது பாசறையில் நீர் ஒழுகும் வட்டிலைக் கொண்டு பொழுதை அளந்து அறிவித்த நாழிகைக் கணக்கரைப் பற்றி முல்லைப்பாட்டுக் கூறுகிறது. நாள் ஒன்றுக்கு நாழிகை அறுபது. நாழிகை ஒன்றுக்கு இக்கால நிமிடம் இருபத்து நான்கு. அக்கணக்கில், நம் காமிரா பிழைத்தது ஆறே கால் நாழிகை. அக்கணக்கர் இரவெல்லாம் வட்டிலின் அருகே விழித்திருந்தனர் என்பதை மறத்தல் ஆகாது. நாமோ காமிராவைப் பொருத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் அதன் பக்கம் திரும்புவதில்லை.

எல்லா ஊருக்கும் ஒரே நேரம் என்பதும் அண்மையில் வந்ததே. 1792ஆம் ஆண்டு சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழுந்தது. அங்குப் பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் என்னும் அறிஞர், சென்னை கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் பதினான்கு நொடி முந்தியது என்று 1802ஆம் ஆண்டில் கணித்தார். அந்தச் ‘சென்னை நேரம்’ பின்னர் இந்திய இருப்புப்பாதைகளில் வழங்கலாயிற்று. பம்பாய்க்கும் கல்கத்தாவிற்கும் தனித்தனி நேரம் இருந்தது. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி, கிழக்கு நெடுங்கோடு எண்பத்திரண்டரைப் பாகையைக் கொண்டு கணித்த இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. ஓசூர் அக்கோட்டிற்கு மேற்கே ஏறத்தாழ நாலே முக்கால் பாகை தள்ளியிருக்கிறது. பாகை ஒன்றுக்கு நான்கு நிமிடம் ஆதலின், சூரியனைக் கொண்டு பார்த்தால் இவ்வூரின் நண்பகல், சராசரியாக, கடிகாரத்தில் பன்னிரண்டு மணி பத்தொன்பது நிமிடம் அளவில் வரும். எனினும் ஓசூரும் எல்லைக்கு அப்பாலுள்ள அத்திப்பள்ளியும் பெங்களூரும் ஒரே மணியைக் காட்டுகின்றன. மொழி மாறும் இடத்தில் மணி மாறுவதில்லை. களவு போன வண்டி ஒன்று கிருஷ்ணகிரிச் சுங்கச் சாவடி, ஓசூர்க் கடைத்தெரு, அத்திப்பள்ளிச் சாவடி ஆகியவற்றின் வழியே சென்றிருப்பின், மூன்று இடத்துக் காமிராக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அதன் வழியை அறியலாம். அவற்றுள் ஒன்றின் கடிகாரம் பிழைபடின், வண்டி சென்ற திசையே மாறித் தோன்றும்.

இந்தியத் திட்ட நேரத்தை இன்று புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் காத்துவருகிறது. அங்குள்ள கடிகாரங்கள் சீசியம் என்னும் தனிமத்தின் அணுவைக் கொண்டு இயங்குவன. அவ்வணு வெளியிடும் ஒருவகைக் கதிர் 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு நொடி என்று 1967ஆம் ஆண்டு உலகநாடுகள் வரையறுத்தன. அவ்வாய்வகம் போன்ற இடங்களிலிருந்து இணையத்தின் வழியாகச் சரியான நேரத்தைக் கருவிகள் கேட்டுப் பெறலாம். செய்தி வந்து சேர எடுத்த காலத்தையும் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளும் முறை இதற்கு உண்டு. டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1980களில் அம்முறையை வகுத்தார்.

ஆகவே, காமிராவின் நேரத்தைத் திருத்த விரும்புவோர் முதலில் நேர மண்டலத்தை ஐந்தரை மணி முந்தியதாக அமைத்தல் வேண்டும். மண்டலத்தை விடுத்து மணியை மட்டும் மாற்றினால், கருவி அடுத்த முறை இணையத்தைக் கேட்கும்போது பழைய பிழை மீண்டும் வந்து நிற்கும். பலரும் இடறுவது இவ்விடத்தில்தான். வேனிற்கால அமைப்பு திறந்திருந்தால் மூடுக. பின்னர், இணைய நேரத்தைப் பெறும் அமைப்பைத் திறந்து, நாள்தோறும் ஒருமுறை சரிபார்க்குமாறு செய்க. இணையம் இல்லாத வீடுகளில் மாதம் ஒருமுறை கைப்பேசியோடு ஒப்பிட்டுக் கையால் திருத்துதல் போதும். மின்சாரம் நின்று வந்தபின் நாள் பிழைபடுமாயின் பேட்டரியை மாற்றுக. அதன் விலை மிகச் சிறிது. காமிராக்கள் சிலவற்றில் பதிவுப் பெட்டிக்கு ஒரு கடிகாரமும் ஒவ்வொரு காமிராவிற்கும் ஒவ்வொரு கடிகாரமும் இருக்கும். அத்தகைய வீடுகளில் பெட்டியை மட்டும் திருத்திவிட்டு நின்றால், முன்வாயிலும் பின்வாயிலும் இருவேறு நேரம் காட்டும். பெட்டியின் நேரத்தைக் காமிராக்கள் பின்பற்றுமாறு அமைத்தல் வேண்டும்.

இவையெல்லாம் இனி வரும் பதிவுகளுக்கு. முன்னரே பதிந்துவிட்டவற்றை என் செய்வது? படத்தின்மேல் பொறித்த எண்கள் படத்தோடு ஒன்றியவை. அவற்றை அழித்து வேறு எழுதுதல் திருத்தம் ஆகாது, சான்றைச் சிதைத்தல் ஆகும். பதிவை அப்படியே விட்டு, பிழையின் அளவைத் தனியே நிறுவுதலே முறை. சரியான நேரத்தைக் காட்டும் கைப்பேசி ஒன்றைக் காமிராவின் முன் சிறிது நேரம் பிடித்தால், கைப்பேசியின் மணியும் காமிராவின் மணியும் ஒரே படத்தில் பதியும். அவ்வொரு படம் பிழையின் அளவைக் காட்டிவிடும். கடிகாரத்தைத் திருத்துவதற்கு முன்பே இதனைச் செய்தல் வேண்டும். திருத்தியபின் செய்தால் பயன் இல்லை.

பிழை நாள்தோறும் வளர்வதாயின் சிறிது கணக்கும் வேண்டும். தொண்ணூறு நாளைக்கு முன் சரியாக வைத்த கடிகாரம் இன்று மூன்று நிமிடம் முந்தி ஓடுகிறது என்க. நாள் ஒன்றுக்கு இரண்டு நொடி. முப்பது நாளைக்கு முன் நடந்த நிகழ்ச்சியின்போது அது ஏறத்தாழ இரண்டு நிமிடம் முந்தியிருக்கும். பழைய நேரத்தை ஒப்பிட வேறு சான்றுகளும் உதவும்: சுங்கச் சாவடியில் பணம் பற்றிய குறுஞ்செய்தி, ஆலை வாயிலில் பதிந்த அட்டை, கதிரவன் எழுந்த நேரம். அப்பெண் கண்ட பெட்டிக்கடை விளக்கும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கடிகாரத்தைப் பின்னே இழுப்பதில் ஓர் இடர் உண்டு. இரண்டரை மணி பின்தள்ளினால், முன்னரே பதிந்த இரண்டரை மணிக்கும் இனிப் பதியும் இரண்டரை மணிக்கும் ஒரே எண்கள் அமையும். சில பெட்டிகள் பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். பெட்டியில் இடம் நிறைந்தபின் பழைய படங்கள் தாமே அழிவதும் உண்டு. ஆதலின், வேண்டிய பதிவைப் படி எடுத்து வேறிடத்தில் வைத்த பின்னரே கடிகாரத்தில் கை வைத்தல் நன்று.

நீதிமன்றமும் இவற்றை நுணுகி நோக்குகிறது. 2014ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலத்தின் ஜால்னா தொகுதியில் நடந்த சட்டமன்றத் தேர்தலை இங்கு நினைவுகூரலாம். வேட்புமனு தருவதற்குரிய இறுதி நேரம் பிற்பகல் மூன்று மணி. வென்றவரின் மனு மூன்று மணிக்குப் பின்னரே தரப்பட்டது என்று வழக்கு எழுந்தது. தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் எடுத்த வீடியோப் பதிவும் அதிகாரியின் வாக்குமூலமும் ஆராயப்பட்டன. 2017ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் அத்தேர்தல் செல்லாது என்றது. 2020ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அவ்வழக்கில் முறையீட்டைத் தள்ளியது. மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழ் இன்றியமையாதது என்பதும் அத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் பதவி, மணி மூன்றா, மூன்று கடந்ததா என்னும் வினாவில் தங்கி நின்றது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்னும் சான்றுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, கருவி அக்காலத்தில் ஒழுங்காக இயங்கியதா என்பதையும் கேட்கிறது. ஒழுங்காக இயங்கவில்லையாயின், அக்குறை பதிவின் மெய்ம்மையைத் தாக்கவில்லை என்று காட்டுதல் வேண்டும். பிழையின் அளவை முன்பே குறித்து வைத்தவனுக்கு இவ்வினா இடராகாது. மறைத்தவனுக்கோ, நல்ல படமும் கைகொடாது.

அன்று மாலை வீட்டுக்காரர் இளைஞனின் வீட்டிற்குச் சென்றார். “தம்பி, காலையில் நாலு பேர் முன்னிலையில் உன்னை நிறுத்திவிட்டேன். பொறுத்துக்கொள்” என்றார். இளைஞன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. “நாலு பேர் அறிய நடந்தது, ஐயா. நாலு பேர் அறியச் சொல்லிவிடுங்கள்” என்றான். வீட்டுக்காரர் அவ்வாறே பெட்டிக்கடை வாயிலில் நின்று கூறினார். அவர் மகள், கள்வர் இருவரும் தோன்றும் பதிவைப் படி எடுத்து வைத்தாள். கைப்பேசியைக் காமிராவின் முன் பிடித்து ஒரு படம் பதித்தாள். அதன்பின் நேர மண்டலத்தை மாற்றினாள். நாட்காட்டியின் அன்றைய தாளைக் கிழிக்காமல், “இன்று மாலை 6 மணி 20 நிமிடத்திற்குக் காமிராவின் கடிகாரம் இரண்டரை மணி பின்தள்ளப்பட்டது. இதற்கு முன் உள்ள பதிவுகளில் இரண்டரை மணி கழித்துப் படிக்க” என்று அதில் எழுதி, பதிவுப் பெட்டியின் மூடிக்கு அடியில் வைத்தாள்.